வருஷம் முழுவதும் தினமும் ஒரு பறவைப் பட்டியல்: டெல்டாவில் யார் யார் வருகிறீர்கள்?

வெண்ணாற்றங்கரை · டிசம்பர் 26

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, ஒரு நாள் விடாமல், குறைந்தது 15 நிமிடம் பறவை பார்த்து, பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இ-பேர்டில் ஒரு முழுப் பட்டியல் போடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். தனியாக இறங்கினால் பாதியில் நின்றுவிடும் என்பது பட்ட அனுபவம். அதனால்தான் இந்த இழை.

என் ஊர் நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றங்கரை. வேலை மன்னார்குடியில். காலை எட்டே முக்காலுக்கு வண்டியை எடுத்தாக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் கொல்லை, கொல்லை முடியும் இடத்தில் ஒரு மூங்கில் கொத்து, அதைத் தாண்டினால் பாசன வாய்க்கால், அப்புறம் வயல். இந்த அரை கிலோமீட்டர்தான் என் களம்.

போன தடவை அக்டோபரில் ஆரம்பித்தேன். நடவு வயலில் பொறி உள்ளான்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து தை அறுவடை வரை அநேகமாகத் தினமும் எழுதினேன். பிப்ரவரியில் வீட்டில் ஒரு கல்யாணம், தொடர்ந்து எனக்குக் காய்ச்சல், விட்டுப்போயிற்று. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் வாய்க்கால் பக்கம் போனேன். ஒரு உள்ளான்கூட இல்லை. ஆறு மாதம் என் கொல்லைக்குப் பின்னாலேயே இருந்துவிட்டு, பல ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே முட்டையிடக் கிளம்பிப் போயிருக்கின்றன. எந்த நாள் கிளம்பின என்று எனக்குத் தெரியாது. அது இன்னும் உறுத்துகிறது. இந்த முறை அந்தத் தேதி எனக்கு வேண்டும்.

தினமும் ஒரே இடத்தில் பார்ப்பதா, இல்லை இடம் மாற்றிப் பார்ப்பதா? ஒன்றுமே தென்படாத நாளில் என்ன செய்வது? முன்பே செய்தவர்கள் சொல்லுங்கள்.


முக்குளிப்பான் · டிசம்பர் 26

நான் கும்பகோணம். இரண்டு வருஷம் முழுதாக முடித்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரே இடம், முடிந்தவரை ஒரே நேரம். வடுவூர் ஏரிக்கோ கரைவெட்டிக்கோ மார்கழியில் ஒரு காலை போய் வந்தால் பட்டியல் நீளமாக இருக்கும், மனசுக்கும் நிறைவாக இருக்கும். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தினமும் போக முடியாது. உங்கள் கொல்லைக்குத் தினமும் போக முடியும். ஒரே வரப்பில் நின்று நூறு நாள் எழுதினால்தான், நூற்றியோராவது நாள் ஏதாவது மாறினால் கண்ணில் படும்.

‘முழுப் பட்டியல்’ என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஊரில் உள்ள எல்லாப் பறவையையும் பார்த்துவிட வேண்டும் என்பதில்லை. அந்த 15 நிமிடத்தில் நீங்கள் பார்த்தும் கேட்டும் அடையாளம் கண்ட எல்லாவற்றையும் எழுத வேண்டும், அவ்வளவுதான். காகத்தை விட்டுவிட்டு மாங்குயிலை மட்டும் எழுதினால் அது முழுப் பட்டியல் ஆகாது. ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், முழுப் பட்டியலில் ஒரு பறவை இல்லை என்பதும் ஒரு செய்தி. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை இப்படி மக்கள் போட்ட பட்டியல்களை வைத்துத்தான் ஆராய்ந்தது. பனங்காடை குறைந்துகொண்டு வருகிறது என்று அதில் சொல்ல முடிந்ததே, எப்படி? பனங்காடையைப் பார்க்காத நாளிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பட்டியல் போட்டதால். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: ஒன்றும் தென்படாத நாளில்தான் கட்டாயம் எழுத வேண்டும்.

எண்ணிக்கையை விடாதீர்கள். எண் தெரியவில்லை என்று வெறும் பெருக்கல் குறி போடுவது கை சீக்கிரம் பழகிவிடும் கெட்ட பழக்கம். சாயங்காலம் கொக்குக் கூட்டம் அடையப் போகும்போது முதலில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு நீளம் என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அளவு மொத்தக் கூட்டத்தில் எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள். ஒரு மாதத்தில் கை வந்துவிடும்.

மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். நல்ல துணைதான். அது சொன்னதை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள். எங்கள் தெருக் கம்பியில் உட்காரும் கரிச்சான் வல்லூறு மாதிரியே கத்தும். மைனாக்கள் பயந்து எழும்பிப் பறக்கும்போது அவை பிடித்திருந்த புழுவைத் தட்டிக்கொள்ளும். மைனாவே ஏமாறும் குரல் அது. நம் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகு எழுதுவோம்.

முதல் இரண்டு மாதம் ஓடிவிடும். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வரும், பிப்ரவரியில் நான்கு நாள் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு வரும். ஊரே கூட இருப்பது போலிருக்கும். சோதனை ஏப்ரல், மேயில். வலசை வந்தவை போயிருக்கும், வயல் காய்ந்து கிடக்கும், ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். அந்த இரண்டு மாதத்தைத் தாண்டிவிட்டால் வருஷம் உங்களுடையது.


மேலவீதி · டிசம்பர் 27

எனக்கு ரொம்ப ஆசை, கூடவே தயக்கமும். தஞ்சாவூர் ஊருக்குள் இருக்கிறேன், மூன்றாவது மாடி. மகளுக்கு இரண்டு வயது. அவளை விட்டுவிட்டு நகர முடியாது, வயல்வெளிக்குப் போக வண்டியும் இல்லை. மொட்டைமாடியில் நின்றால் காகம், புறா, மைனா. பெரிய கோயில் பக்கமிருந்து பச்சைக்கிளிகள் கத்திக்கொண்டு போகும். இதை வருஷம் முழுக்க எழுதுவதில் பிரயோஜனம் உண்டா? உங்கள் பட்டியல்களுக்கு நடுவே என்னுடையது குப்பையாக இருக்குமோ என்று நினைக்கிறேன்.


முக்குளிப்பான் · டிசம்பர் 27

தயங்காமல் வாங்க. ஊருக்குள்ளிருந்து தினமும் எழுதுபவர்கள் எங்கள் பக்கத்தில் மிகக் குறைவு. மாடி என்பதால் கீழே நிற்பவருக்குக் கிடைக்காத வானம் உங்களுக்குக் கிடைக்கும். பருந்து, உழவாரன், தகைவிலான், பத்து மணி வாக்கில் வட்டமடித்து மேலேறும் நத்தைகுத்தி நாரைகள் எல்லாம் உங்கள் தலைக்கு மேலேதான் போகும்.


கடைமடை · டிசம்பர் 28

தம்பிகளுக்கும் அந்த அம்மாவுக்கும் வணக்கம். நான் தலைஞாயிறு பக்கம் விவசாயி, வயது 58. போனில் தமிழ் தட்டச்சு செய்ய மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் சேருகிறேன். எனக்கு நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, எப்படியும் வரப்பில்தான் நிற்கிறேன். நத்தைகுத்தி நாரை எங்கள் வயலில் நத்தை தின்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அலகுக்கு நடுவில் சந்து இருக்கிறதே, பாக்குவெட்டி மாதிரி அதில் வைத்து ஓட்டை உடைக்கும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போன வாரம் பக்கத்தில் ஒரு நாரை தின்றுவிட்டுப் போன இடத்தில் குனிந்து பார்த்தேன். ஓடு முழுசாகக் கிடக்கிறது, உள்ளே மட்டும் ஒன்றுமில்லை. கீழலகின் கூர்நுனியை நத்தையின் மூடிக்குள் நுழைத்துச் சதையை அறுத்து இழுத்துவிடுகிறது. ஐம்பது வருஷம் பார்த்தும் குனிந்து பார்க்காததால் தெரியவில்லை. இந்த சவாலில் சேர அதுவே எனக்குக் காரணம்.

ஒரு விஷயத்தில் முக்குளிப்பான் தம்பியிடமிருந்து மாறுபடுகிறேன். ஒரே நேரம் என்று கட்டிப்போட வேண்டாம். விடியற்காலை மட்டுமே பார்த்தால் வக்காவைத் தவறவிடுவீர்கள். அது இருட்டும் நேரத்தில்தான் ‘குவாக்’ என்று கத்திக்கொண்டு இரைக்குக் கிளம்பும். கூகையும் அப்படித்தான். எலிக்காக வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைக்கிறோம், பொழுது சாய்ந்த பிறகு போய்ப் பார்த்தால் அதில் உட்கார்ந்திருக்கும். வாரத்தில் ஒரு நாளாவது மாலையில் பாருங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். எங்கள் பக்கம் மடையானையும் சிறகியையும் ராத்திரி வலை வைத்துப் பிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று தெரிந்தேதான் பிடிக்கிறார்கள். பறவைகள் கூட்டமாக அடைகிற மரம், குளம் எது என்று யாரும் பொதுவில் எழுதக் கூடாது. படமும் போட வேண்டாம். நாம் ஆசையாக எழுதுவதை எவனோ ஒருவன் வேறு காரணத்துக்குப் படிப்பான்.


முக்குளிப்பான் · டிசம்பர் 28

ஐயா சொல்வது இரண்டுமே சரி. மாலை நேரத்தை நான் யோசிக்கவில்லை, இந்த வருஷம் ஞாயிறுகளில் மாலைக்கு மாற்றிக்கொள்கிறேன்.

பிடிக்கப்படும் ஆபத்துள்ள சில இனங்களின் இடத்தை இ-பேர்ட் தானாகவே மறைக்கிறது. நம் மடையானுக்கும் சிறகிக்கும் அந்த மறைப்பு கிடையாது. ஆகவே அடையும் இடத்தில் எடுத்த பட்டியலைப் பொதுவில் காட்டாமல் மறைத்துவிடுங்கள். அதற்கு அமைப்பில் வழி இருக்கிறது. குறிப்புப் பகுதியில் மரம், படித்துறை, மதகு எதையும் அடையாளம் சொல்லி எழுத வேண்டாம்.


மூன்றாம்_வருஷம் · டிசம்பர் 30

கல்லூரி மாணவன், மயிலாடுதுறை. பைனாகுலர் இல்லை, வாங்கவும் இப்போது வசதியில்லை. சேரலாமா?


வெண்ணாற்றங்கரை · டிசம்பர் 30

தாராளமா தம்பி. நானே முதல் எட்டு மாதம் வெறும் கண்ணில்தான் பார்த்தேன். அதனால் காது பழகியது, அது இன்றைக்கும் உதவுகிறது. பின்னால் வாங்கும்போது 8×42 பாருங்கள். எட்டு மடங்கு போதும். பத்து, பன்னிரண்டு என்று போனால் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகத் தெரியும். 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில், விடியற்கால மங்கலில் வெளிச்சம் தருவது அதுதான்.


வெண்ணாற்றங்கரை · ஜனவரி 1

முதல் நாள். காலை 6.40 முதல் 7.05 வரை, பனி மூட்டம். கதிர் பழுத்து நிற்கிறது. 31 இனம். மூங்கிலில் தவிட்டுக்குருவிகள் 8, வாய்க்காலில் கானாங்கோழி 2, பொறி உள்ளான் 6. எல்லோரும் போட்டாயிற்றா?


மேலவீதி · மார்ச் 14

மகளுக்கு இரண்டு நாளாக நல்ல காய்ச்சல். நேற்றும் முந்தாநாளும் மாடிக்கே போகவில்லை. 70 நாள் தொடர்ந்து வந்தது அறுந்துவிட்டது. எழுதவே கஷ்டமாக இருக்கிறது.


தோப்புக்குயில் · மார்ச் 14

இதற்குப் போய் ஏன் வருத்தப்படுகிறீர்கள்? உங்கள் மாடியில் தினமும் வருவது என்ன என்று உங்களுக்கே மனப்பாடம். காகம் 12, மாடப்புறா 20, மைனா 4 என்று நேற்றைய தேதியில் போட்டுவிடுங்கள். அமைப்பு ஏற்றுக்கொள்ளும். யாருக்கும் நஷ்டமில்லை.


முக்குளிப்பான் · மார்ச் 14

தோப்புக்குயில், ஆறுதலுக்காகச் சொல்கிறீர்கள் என்று புரிகிறது. இருந்தாலும் செய்யக் கூடாது. பார்த்ததைப் பின்னால் ஏற்றுவதில் தவறில்லை. தாளில் குறித்து வைத்து ராத்திரி ஏற்றுபவர்கள் எத்தனையோ பேர். பார்க்காததை எழுதுவது வேறு. அந்த 12 காகம் மார்ச் 13இல் இருந்ததா என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இப்படி ஒன்று நுழைந்தால் அவருடைய மற்ற 70 பட்டியல்களையும் நான் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கும்.


கடைமடை · மார்ச் 15

அம்மா, பிள்ளை எப்படி இருக்கிறாள்? அதை முதலில் சொல்லுங்கள்.

நடவுக்கு வராத ஆளுக்குக் கூலிக் கணக்கில் பெயர் எழுத மாட்டோம். வரவில்லை என்று கோடு போட்டு விடுவோம். மறுநாள் வந்தால் வழக்கம்போல எழுதுவோம். அந்தக் கோடு யாருக்கும் அவமானமில்லை. இரண்டு கோடு போட்டுவிட்டு இன்றைக்கு மாடிக்குப் போங்கள்.


மேலவீதி · மார்ச் 15

காய்ச்சல் இறங்கிவிட்டது, கஞ்சி குடித்தாள். சாயங்காலம் இருவருமாக மாடிக்குப் போனோம். 9 இனம். இரண்டு நாளையும் காலியாகவே விட்டுவிட்டேன். இனி ‘விடாமல்’ என்று சொல்ல மாட்டேன், ‘பார்த்த நாளெல்லாம்’ என்று சொல்கிறேன்.


வெண்ணாற்றங்கரை · ஏப்ரல் 30

தேதி கிடைத்துவிட்டது. கடைசியாகப் பொறி உள்ளான் பார்த்தது ஏப்ரல் 23, ஒன்றே ஒன்று. வாய்க்காலில் தேங்கி நிற்கும் முழங்கால் அளவுத் தண்ணீர் ஓரத்தில், வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு ஏழு நாளும் இல்லை. இந்த ஏழு நாள் ‘இல்லை’யை எழுதிய பிறகுதான் 23 என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. போன வாரம் முழுக்க அந்த ஓரத்தைப் பார்க்கப் போகும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. இருக்குமா, இல்லையா என்று.


வெண்ணாற்றங்கரை · மே 19

அப்பாவைத் தஞ்சாவூரில் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். இதயம். ஐந்து நாளாக இங்கேதான் இருக்கிறேன். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதுகிறேன்.

நான்காவது மாடி வார்டு. காலை ஆறு மணிக்கு அவருக்குக் காபி வாங்கிவர இறங்குவதற்கு முன்பு ஜன்னலோரம் 15 நிமிடம் நிற்கிறேன். எதிரே தண்ணீர்த் தொட்டி, ஒரு செல்போன் கோபுரம், மூன்று பனை. முதல் நாள் 5 இனம்தான். காகம், புறா, மைனா, கள்ளப்பருந்து, பனை உழவாரன். முன்பெல்லாம் பனை உழவாரன் என்றால் ஒரு பார்வை பார்த்து ஒரு எண் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். இங்கே வேறு எதுவும் இல்லாததால் அதையே பார்த்தேன். காய்ந்து தொங்கும் பனையோலையின் அடிப்பக்கத்துக்கு நேராக வேகமாகப் பறந்து வருகிறது, ஓலையில் மோதிவிடும் என்று நினைக்கும்போது செங்குத்தாக ஒட்டிக்கொள்கிறது. இரண்டு, மூன்று நொடி. அப்புறம் அப்படியே பின்னால் சரிந்து விழுந்து, விழும்போதே இறக்கை விரித்துப் போய்விடுகிறது. அந்த ஓலை மடிப்பில்தான் கூடு. கூட்டிலிருக்கும் குஞ்சு, ஓலை காற்றில் இப்படிப் புரளும்போதும் பற்றிக்கொண்டு இருக்கிறது.

மூன்றாம் நாள் அப்பா, “என்னடா அங்க பார்க்கிற” என்று கேட்டார். சொன்னேன். கட்டிலைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொன்னார். இன்று காலை எனக்கு முன்பே அவர் எண்ணி முடித்து “ஏழு” என்றார். இன்றைய பட்டியலில் உள்ள ஏழு உழவாரன் அவருடைய கணக்கு.


கடைமடை · மே 19

தம்பி, அப்பா நல்லபடியாக வீடு திரும்புவார். நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் வாய்க்கால் பக்கம் என்ன என்று யோசிக்க வேண்டாம். கோடை, எல்லாம் ஒடுங்கிக் கிடக்கும்.


முக்குளிப்பான் · மே 20

அவர் பெயரையும் பட்டியலில் உடன் பார்த்தவராகச் சேர்த்துவிடுங்கள். அது அவருக்குச் சேர வேண்டியது.


கடைமடை · ஜூலை 2

ஜூன் 12 மேட்டூர் திறந்து, சில நாளில் கல்லணை திறந்து, எங்கள் கடைசி மதகுக்கு நேற்று சாயங்காலம்தான் தண்ணீர் வந்தது. பார்த்ததை எழுதி வைத்துவிடுகிறேன், இதற்காகவே நேற்று கடைத்தெருவுக்குப் போகவில்லை.

வாய்க்கால் தரை கை நுழைகிற அளவு வெடித்துக் கிடந்தது. முதல் தண்ணீர் வரும்போது சத்தமே இருக்காது. நுரையையும் சருகையும் காகிதக் கப்புகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஒரு நாக்கு மாதிரி ஊர்ந்து வரும். ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் இறங்கி அதை நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கும். வெடிப்புக்குள் கோடையெல்லாம் ஒளிந்திருந்த பூரான், பிள்ளைப்பூச்சி, சிலந்தி, சின்னத் தவளை எல்லாம் அலறிப் புடைத்துக்கொண்டு மேலே வந்தன. அந்த நாக்கோடு கூடவே உண்ணிக்கொக்குகள் நடந்து வந்தன. 23 எண்ணினேன். தண்ணீருக்கு முன்னே இரண்டு அடி இடைவெளி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. மைனாக்கள் இரு கரையிலும். மதகு ஷட்டர் மேல் கரிச்சான் மூன்று, தப்பிப் பறக்கிற பூச்சி அவற்றுக்கு. ஒரு மடையான் மட்டும் கூட்டத்தில் சேராமல் மதகின் சிமெண்டுக் கட்டையில் நின்றது. தண்ணீர் அங்கே வந்து தட்டி நிற்கும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. வந்து தட்டியது. குனிந்து ஒரு தவளையை எடுத்துக்கொண்டது.

தலைமடையிலிருந்து எங்களுக்குத் தண்ணீர் வருகிற தேதியை ஒவ்வொரு வருஷமும் எழுதி வைக்கிறேன். கொக்கு வருகிற தேதியும் அதுதான் என்று இந்த வருஷம் தெரிந்தது. ஜூன் முழுக்க என் பட்டியலில் உண்ணிக்கொக்கு மூன்றைத் தாண்டவில்லை.


மூன்றாம்_வருஷம் · ஜூலை 21

எங்கள் ஊர் வாய்க்கால் கரைப் பனையில் தூக்கணாங்குருவி கட்டுகிறது. பக்கத்து நெல்வயலில் அது நார் கிழிப்பதை இன்று முழங்கால் சேற்றில் நின்று பார்த்தேன். ஓலையின் அடியில் அலகால் ஒரு வெட்டு. வெட்டிய முனையைக் கவ்விக்கொண்டு ஓலையின் நுனியை நோக்கிப் பறக்கிறது. பறக்கிற வேகத்திலேயே ஒரு நீள நார் கிழிந்து கூடவே வந்துவிடுகிறது. ஒரு நாருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பாதி கட்டிய கூடுகள் 6, தலைக்கவசம் மாதிரி தொங்குகின்றன. பெட்டை வந்து உள்ளே போய்ப் பார்த்துப் பிடித்தால்தான் ஆண் மீதியைக் கட்டுமாம். தினமும் கூடு எண்ணிக்கையைக் குறிப்பில் எழுதி வருகிறேன். பைனாகுலர் இன்னும் வாங்கவில்லை.


வெண்ணாற்றங்கரை · ஆகஸ்ட் 11

வந்துவிட்டது! காலை 6.52. குறுவை நடவு வயலின் வரப்போரம், பொறி உள்ளான் 2. ஏப்ரல் 23 முதல் ஆகஸ்ட் 11, நூற்றிப்பத்து நாள். அந்த நூற்றிப்பத்து நாளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துத் திரும்பியும் வந்துவிட்டன. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். மெதுவாக நடக்கிறார்.


மேலவீதி · அக்டோபர் 16

எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பின்வீட்டு மாமரத்திலிருந்து ஒரு விசில், இரண்டு சுரம், கணீரென்று. ஒன்பது மாதமாக இந்த மாடியின் எல்லாச் சத்தமும் எனக்குத் தெரியும். இது அதில் இல்லை. அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. மெர்லினில் பதிவு செய்தேன், ஒரு பெயர் சொன்னது. முக்குளிப்பான் சொன்னதை நினைத்து எழுதாமல் விட்டேன்.

இன்று காலை ஐந்தே முக்காலுக்கே மகளைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். ஆறு மணிக்கு அதே விசில். மாமரத்தடியில் சருகு குவிந்த இடத்தில் ஏதோ சருகைப் புரட்டியது. பச்சை முதுகு, கண்ணில் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் அந்தச் சிவப்பு, வாலே இல்லாதது போல ஒரு குட்டை உருவம். ஆறுமணிக்குருவி. தஞ்சாவூர் நடுவில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்.


முக்குளிப்பான் · அக்டோபர் 16

அம்மா, மனம் நிறைந்த வாழ்த்துகள். வடக்கே இமயமலை அடிவாரம் வரை கோடையைக் கழித்துவிட்டு ராத்திரிகளில் பறந்து வருவது. வந்த புதிதில் களைத்துப் போய் ஊருக்குள் எந்தத் தோட்டத்திலும் இறங்கும், கண்ணாடி ஜன்னலில் மோதி விழுவதும் உண்டு. பின்வீட்டில் பூனை இருந்தால் இரண்டு நாளைக்குக் கொஞ்சம் கட்டிவைக்கச் சொல்லுங்கள். நான் கும்பகோணத்தில் இரண்டு வருஷமும் இதைப் பார்க்கவில்லை.


கடைமடை · நவம்பர் 17

மூன்று நாளாக விடாத மழை. சம்பா பயிர் மூழ்கி நிற்கிறது, வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்க மறுக்கிறது. மாட்டுக் கொட்டகையில் நின்றே பட்டியல் போட்டேன். மூழ்கிய வயலில் மீசை ஆலா 14, தண்ணீர் மேல் தாழப் பறந்து மீன் எடுக்கின்றன. எனக்கு நஷ்டம், அவற்றுக்கு வேட்டை. இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்று நவம்பர் 16. 2018இல் கஜா அடித்த நாள். வேதாரணியம் பக்கம் கரை கடந்தது, எங்கள் தோப்பில் 140 தென்னையில் 90 ஒரே ராத்திரியில் சாய்ந்தது. நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர்களிடம் எத்தனை மரம், எத்தனை வயது என்று சொன்னேன். தோப்பில் அடைந்த பறவைகளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. புயலுக்கு முன் எத்தனை கிளி, எத்தனை உழவாரன், எத்தனை ஆந்தை என்றால் ‘நிறைய’ என்றுதான் சொல்ல முடியும். ‘நிறைய’ என்பது கணக்கு இல்லை. இப்போது 320 பட்டியல் இருக்கிறது. அடுத்த புயல் வந்தால் எது போயிற்று, எது மிஞ்சிற்று, எது எத்தனை வருஷத்தில் திரும்பிற்று என்று என் பேரனாவது சொல்வான்.


வெண்ணாற்றங்கரை · டிசம்பர் 29

நாளை மறுநாள் கடைசி நாள். 363 நாளும் எழுதியாயிற்று. ஐயா, முக்குளிப்பான், மேலவீதி அக்கா, தம்பி, யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. 31ஆம் தேதி காலை வடுவூர் ஏரியில் சேரலாமா? தஞ்சாவூரிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் பஸ் இருக்கிறது. நான் மட்டும் கொஞ்சம் தாமதமாக வருவேன். முதலில் கொல்லைப் பட்டியலை முடித்துவிட்டு, அப்பாவையும் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.


மேலவீதி · டிசம்பர் 29

கட்டாயம் வருகிறேன். பாப்பாவையும் கூட்டி வரலாமா? சத்தம் போடுவாள். காகத்தையும் கிளியையும் இப்போது காட்டிச் சொல்கிறாள்.


கடைமடை · டிசம்பர் 29

கூட்டிக்கிட்டு வாங்கம்மா. கரை உயரம், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் காலைக் காற்று ஈரமாக வீசும், காதுக்குத் துணி கட்டுங்கள். கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகில் விழும், நாமக்கோழியும் ஊசிவால் வாத்தும் தெளிவாகத் தெரியும். தம்பி மயிலாடுதுறையிலிருந்து வருவதானால் என் பழைய பைனாகுலரைக் கொண்டு வருகிறேன், அவன் வைத்துக்கொள்ளட்டும்.